சென்னையில் முதல் கிறிஸ்துமஸ்: வீட்டை விட்டு வந்தவர்களுக்கு

டிசம்பர் 25 காலை பத்து மணிக்குப் புதுத்துணி உடுத்திக்கொண்டு சென்னையில் ஏதாவது ஒரு தமிழ்ச் சபையின் வாசலில் போய் நின்றால், அநேகமாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் கோயில்பிள்ளையைத்தான், அதாவது ஆலயப் பணியாளரைத்தான், பார்ப்பீர்கள். ஆராதனை விடிவதற்குள் முடிந்து, வந்தவர்கள் வீடு திரும்பி, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமே போட்டிருப்பார்கள். இந்த நகரத்தில் கிறிஸ்துமஸ் டிசம்பர் முதல் வாரம் தொடங்கி 25 விடியற்காலையில் உச்சத்துக்குப் போய் முடிகிறது. கடைசி நாளுக்கு மட்டும் வருகிறவர்களுக்கு மிஞ்சுவது நீண்ட ஒரு மதியம்தான்.

யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, கோலாலம்பூர், ஈப்போ என்று கடல் தாண்டிப் படிக்கவோ, வேலைக்கோ, வைத்தியத்துக்கோ வந்து, இந்த வருடம் பண்டிகைக்கு இங்கேயே தங்க நேர்ந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நாகர்கோவிலுக்கு டிக்கெட் கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னைக் கிறிஸ்தவர்களில் நிறையப் பேருக்கு 'ஊர்' வேறு எங்கோ இருக்கிறது. அரையாண்டு விடுமுறை விட்டதும் குடும்பம் குடும்பமாக நெல்லை, கன்னியாகுமரி, முத்துநகர் எக்ஸ்பிரஸ்களில் ஏறிப் போய்விடுவார்கள். சபைக்கு ஆள் அதிகம் தேவைப்படும் அதே வாரத்தில் பாடகர் குழுவில் ஆண் குரல் குறையும், குடில் கட்ட இளைஞர் இருக்கமாட்டார்கள், சாப்பாடு பரிமாறக் கை போதாது. ஆகவே நீங்கள் யார் வீட்டுக் கதவையும் தயங்கித் தயங்கித் தட்ட வேண்டியதில்லை. ஊரில் இருக்கப்போகிறேன், என்ன வேலை செய்யட்டும் என்று கேட்கிறவரை எந்தச் சபையும் விடாது. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர்: ஒரு சபையைப் பிடியுங்கள்

பார்க்கப் போகும் ஆலயம் வேறு, சேரப் போகும் ஆலயம் வேறு. புதிதாக வந்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, படத்தில் பார்த்த பெரிய கோயிலுக்குப் போய், ஆயிரம் பேர் நடுவில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்புகிறார்கள்.

பார்க்க வேண்டியவை நிறைய. சாந்தோம் பேராலயத்தில் தோமையாரின் கல்லறை இருக்கிறது. போர்ச்சுகீசியர் 1523இல் கட்டிய கோயில் இருந்த இடத்தில் இப்போதுள்ள வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896இல் எழுந்தது. ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம் 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது; தலைமைச் செயலகம் இருக்கும் வளாகம் என்பதால் அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள், வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எழும்பூரில் வட்டக் கூரை போட்ட 'கர்க்', அதாவது புனித அந்திரேயா ஆலயம், 1821இல் திறக்கப்பட்டது. பரங்கிமலை உச்சியில் 1523இல் கட்டிய சின்னக் கோயில் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மாதாவுக்கானது. அவள் திருநாளே டிசம்பர் 18தான். அங்கிருந்து பார்த்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். வீட்டு ஞாபகம் அதிகமாக இருக்கிற நாளில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பேன்.

சேர்வதற்கு, நீங்கள் தங்கியிருக்கும் இடத்திலிருந்து நடந்தோ ஒரே பேருந்திலோ போகக்கூடிய தமிழ்ச் சபையைத் தேடுங்கள். பாடகர் குழு ஒத்திகை இரவு ஒன்பதரைக்கு முடியும். வீடு வீடாகப் போய்ப் பாடும் பாட்டு ரவுண்ட்ஸ் நள்ளிரவுக்கு முடியும். இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தால் இரண்டாம் வாரமே சலித்துப்போகும்.

எந்தத் திருச்சபை என்பதில் கடல் தாண்டி வந்தவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம் வரும். யாழ்ப்பாணத்தில் தென்னிந்தியத் திருச்சபையில் இருந்தவர்களுக்குச் சிக்கலே இல்லை. 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. என்கிற இந்தத் திருச்சபை தொடங்கப்பட்டபோதே யாழ்ப்பாணமும் அதில் சேர்ந்ததுதான். ஆராதனை முறை கைக்குப் பழகியதாகவே இருக்கும். இலங்கை மெதடிஸ்டுகள் இங்கே 'மெதடிஸ்ட்' என்ற பலகையைத் தேடி அலைய வேண்டாம். பிரிட்டிஷ் வெஸ்லியன் மிஷன் வழிவந்த சபைகள் இங்கே சி.எஸ்.ஐ.யோடு இணைந்துவிட்டன, இராயப்பேட்டை வெஸ்லி ஆலயம் ஓர் உதாரணம். மலேசிய மெதடிஸ்டுகள் அமெரிக்க மிஷன் வழி. அந்த வழிச் சபை இங்கே தனியாகவே இருக்கிறது. வேப்பேரியில் இம்மானுவேல் மெதடிஸ்ட் ஆலயம் உண்டு. மலேசியத் தமிழ் லுத்தரன்களுக்குத் தாய்வீடு டி.இ.எல்.சி. என்கிற தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை; அவர்கள் வேப்பேரிப் பக்கம் இருக்கும் அடைக்கலநாதர் ஆலயத்துக்குப் போகலாம். கத்தோலிக்கருக்குத் தங்கியிருக்கும் இடத்தின் பங்குக் கோயில் எது என்று கேட்டால் போதும், பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரே வழி சொல்வார். பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளில் சில கிறிஸ்துமஸைக் கொண்டாடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பழகிவிட்டு, டிசம்பரில் ஒரு நட்சத்திரம்கூட இல்லையே என்று திகைக்காதீர்கள், நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் வாசலில் நின்று ஆயரையோ பங்குத்தந்தையையோ பாருங்கள். சி.எஸ்.ஐ.யில் 'அய்யா' என்று கூப்பிட்டால் போதும், கத்தோலிக்கக் கோயிலில் 'ஃபாதர்'. பெயர், ஊர், எங்கே தங்கியிருக்கிறீர்கள், எத்தனை மாதம் இருப்பீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, பாட வரும் என்றால் அதையும் சொல்லுங்கள். வராது என்றால் நாற்காலி தூக்க வரும் என்று சொல்லுங்கள். உங்கள் ஊர் ஆயரிடம் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கி வந்திருந்தால் நல்லது. திருவிருந்தில் பங்குபெறுவதற்கும், தெரியாத முகத்தைச் சந்தேகமாகப் பார்க்கும் கமிட்டி ஆட்களுக்கும் அந்த ஒரு தாள் நிறைய உதவும். வாட்ஸ்அப்பில் வந்த படமானாலும் பரவாயில்லை.

டிசம்பர் முதல் வாரம்: பாட்டு ரவுண்ட்ஸ்

இதுதான் சென்னைக் கிறிஸ்துமஸின் நடுநாயகம். கேரல் ரவுண்ட்ஸ் என்பார்கள். ஒரு வேன் அல்லது 'குட்டி யானை' என்கிற சின்னச் சரக்கு வண்டி, ஒரு கீபோர்டு, ஒரு டிரம், சிவப்பு அங்கியில் வியர்த்து வழியும் கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னால் இருபது முப்பது பேர். ஒவ்வொரு பகுதியாக, சபையார் வீடு ஒவ்வொன்றுக்கும் போய் இரண்டு பாட்டு, ஒரு வேதவாக்கியம், ஒரு ஜெபம், கவரில் காணிக்கை, தட்டில் கேக்கும் முறுக்கும். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் முடிய நள்ளிரவு ஆகும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க அனுமதியில்லை என்பதால் பத்துக்குப் பிறகு கைத்தட்டும் கிடாரும்தான். என்னைக் கேட்டால் அந்தப் பத்துக்குப் பிறகான வீடுகளில்தான் பாட்டு நன்றாக இருக்கும்.

நன்றாகப் பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதே நான்கைந்து பாட்டுதான் முப்பது வீட்டிலும் வரும். இரண்டாம் நாள் உங்களுக்கே மனப்பாடமாகிவிடும். மெட்டு உங்கள் ஊரில் பாடுவதைவிட வேகமாக இருக்கலாம். திருத்த முயலவேண்டாம்.

புதியவருக்கு ரவுண்ட்ஸ் தருகிற பெரிய லாபம் வேறொன்று. ஒரு வாரத்தில் நாற்பது ஐம்பது வீடுகளின் உள்ளே போய் உட்கார்ந்து வருகிறீர்கள். எந்த வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள், எந்த வீட்டில் பிள்ளைகள் கனடாவிலும் துபாயிலும் இருக்கிறார்கள், யார் பலகாரம் நன்றாகச் சுடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டு ஆன்ட்டிகள்தான் உங்களை முதலில் கவனிப்பார்கள். "எந்த ஊரு தம்பி? சாப்டியா?" என்று ஆரம்பிக்கும் பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடாதீர்கள். 25ஆம் தேதி மதியச் சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான் நிச்சயமாகிறது.

உங்கள் இருப்பிடத்தையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். வாடகை அறையா, ஹாஸ்டலா என்று பார்க்கமாட்டார்கள். அடுக்குமாடி என்றால் வாட்ச்மேனிடமும் சங்கச் செயலாளரிடமும் முன்னாடியே சொல்லிவைக்க வேண்டும், பி.ஜி. என்றால் கீழே வண்டி நிறுத்தும் இடத்திலேயே பாடச் சொல்லலாம். வாசலில் ஒரு நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தால் வருகிறவர்களுக்கு வீடு அடையாளம் தெரியும். சாமி அறை உள்ள வீட்டில் குடியிருக்கிறீர்களே என்று தயங்க வேண்டாம். சென்னை வீட்டுக்காரர்களில் அநேகர் நட்சத்திரத்துக்கு ஒன்றும் சொல்வதில்லை. சுவரில் ஆணி அடிப்பதற்குத்தான் சண்டைக்கு வருவார்கள். கேட்டுவிட்டு ஜன்னல் கம்பியில் கட்டுங்கள்.

மழையை மறக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் இறுதிவரை இருக்கும். 2015 வெள்ளம் டிசம்பர் முதல் வாரத்தில்; வர்தா புயல் 2016 டிசம்பர் 12இல்; மிக்ஜாம் 2023 டிசம்பர் தொடக்கத்தில். புயல் எச்சரிக்கை வந்தால் ரவுண்ட்ஸ் தள்ளிப்போகும். சபை வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தால்தான் புதுத்தேதி தெரியும். காகித நட்சத்திரம் ஒரு மழையிலேயே கூழாகிவிடும். கூரை இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்குங்கள். ஒயர் இணைப்பில் தண்ணீர் படாமல் டேப் சுற்றுங்கள்.

அலுவலகத்திலும் கல்லூரியிலும் இதே நாட்களில் 'கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்' என்று ஒரு விளையாட்டு நடக்கும். சீட்டுக் குலுக்கி ஒருவருக்கு ஒருவர் ரகசிய அம்மாவாவார்கள். அந்த அம்மா சொல்லும் வேலையை எல்லாம் பிள்ளை செய்ய வேண்டும். உயர் அதிகாரி முன்னால் நடனம் ஆடச் சொல்வார்கள், எதிரெதிர் நிறத்தில் செருப்புப் போட்டு வரச் சொல்வார்கள். கடைசி நாள் பரிசோடு ஆள் தெரியும். மத வித்தியாசமில்லாமல் எல்லாரும் ஆடுவார்கள், பெயர் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் வாரம்: சாமான், பலகாரம், கேக்

அலங்காரச் சாமான்களுக்குப் பாரிமுனைக்குப் போவது மலிவு. ஈவினிங் பஜார் பக்கம் நட்சத்திரம், சரவிளக்கு, ஜிகினா எல்லாம் குவிந்திருக்கும். வாழ்த்து அட்டை செய்யக் காகிதம் வேண்டுமென்றால் ஆண்டர்சன் தெரு. கேக்குக்கு முந்திரி, திராட்சை, பேரீச்சை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில். வார நாளில் காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள். துணிக்குத் தி.நகர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தைக்கக் கொடுப்பதானால் டிசம்பர் 10க்குள் கொடுக்காவிட்டால் தையற்காரர் பொங்கலுக்குத்தான் தருவார்.

பலகாரத்தில் ஊருக்கு ஊர் பிடிவாதம் உண்டு. கன்னியாகுமரிக்காரர்களுக்கு முந்திரிக்கொத்து இல்லாமல் பண்டிகை இல்லை. பாசிப்பயறை வறுத்துப் பொடித்து வெல்லப்பாகில் பிடித்து மாவில் முக்கிப் பொரிப்பது. நெல்லைக்காரர்கள் அதிரசத்தையும் முறுக்கையும் டப்பா டப்பாவாகச் சுடுவார்கள். பெரம்பூர், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் குல்குல்லும் ரோஸ் குக்கியும். ரோஸ் குக்கி நம் அச்சு முறுக்குத்தான், வாயில் போட்டால் தெரியும். இலங்கைக்காரர்கள் தேடுகிற ரவையும் முந்திரியும் போட்ட ரிச் கேக் இங்கே பேக்கரியில் கிடைக்காது. வளசரவாக்கம், போரூர் பக்கம் இருக்கும் ஈழத்துக் குடும்பங்களில் யாராவது வீட்டில் செய்து விற்பார்கள், விசாரித்தால் அகப்படும். இங்கே கேக் என்றால் பிளம் கேக். வேப்பேரியில் ஸ்மித்ஃபீல்டு பேக்கரி பழைய பெயர். 20ஆம் தேதிக்கு மேல் வரிசையில் நிற்கத் தெம்பு வேண்டும். உங்கள் தெருவில் இருக்கும் பேக்கரியில் ஆர்டர் கொடுத்தாலும் குறைவில்லை.

அறையில் அடுப்பு மட்டும் இருந்தால் குல்குல் செய்யுங்கள். மைதா, ரவை, முட்டை, தேங்காய்ப் பால், சர்க்கரை. பிசைந்து சின்னச் சின்னதாக உருட்டி, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்தால் தீர்ந்தது. அறைத்தோழர்கள் நான்கு பேரை உட்காரவைத்துச் சுருட்டச் சொன்னால் ஒரு சாயங்காலம் போய்விடும். அடுப்புக்கு அனுமதி இல்லாத விடுதியில் இருக்கிறவர்கள் சபைப் பெண்கள் கூட்டமாகப் பலகாரம் சுடும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள். ஆண்கள் போனாலும் தப்பில்லை; எண்ணெய்ச் சட்டி தூக்க ஆள் வேண்டும்.

பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கத் தனியாக எடுத்து வையுங்கள். மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்தில் முட்டை சேர்த்த கேக்கை வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் வைத்துவிடுகிற வீடுகள் உண்டு. அவர்களுக்கு அதிரசமோ, கடையில் வாங்கிய நெய் இனிப்போ, பழமோ கொடுங்கள். தட்டு உடனே திரும்பி வராது. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலோடு வரும்.

20க்குள் முடிக்க வேண்டிய காகித வேலை

ஹாஸ்டலில் இருப்பவர்கள் 24 இரவு வெளியே தங்குவதற்கு வார்டனிடம் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். சபையின் பெயரும் பொறுப்பாளர் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தால் மறுக்கமாட்டார்கள். அன்றைக்கு இரவு ஒன்பது மணிக்குப் போய்க் கேட்டால் கண்டிப்பாக மறுப்பார்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் ஒரு வீட்டில் தங்கினால், தங்க இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும் என்பது விதி. ஹோட்டல்கள் தாமாகவே செய்துவிடும், வீட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் இது தெரியாது. அன்போடு கூப்பிட்டவருக்குத் தொல்லை வரக்கூடாது என்றால் சாப்பிட்டுவிட்டு இரவு உங்கள் இருப்பிடத்துக்கே திரும்பிவிடுவது எளிது. விசா நீட்டிப்பு, பதிவு என்று நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் வேலை இருந்தாலும் இப்போதே முடியுங்கள்.

மதியச் சாப்பாட்டை நீங்களே ஏற்பாடு செய்வதானால் பிரியாணி மாஸ்டரிடம் சொல்லி வைக்க வேண்டிய நாளும் இதுதான். அரிசிக் கணக்கில் பேசுவார்கள்; ஒரு கிலோ அரிசிப் பிரியாணி எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும். கால் பங்கு முன்பணம் கொடுத்து, எத்தனை மணிக்கு வண்டி வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

24 இரவும் 25 விடியலும்

கத்தோலிக்கக் கோயில்களில் நள்ளிரவுத் திருப்பலி இரவு பதினொன்று, பதினொன்றரை வாக்கில் பாட்டோடு தொடங்கும். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் விடியற்காலை நாலு, நாலரை, ஐந்து. நேரத்தை அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய சபைகளில் இரண்டு மூன்று ஆராதனைகளும் இருக்கும். மருத்துவமனை, கால் சென்டர் என்று இரவு ஷிஃப்ட் போகிறவர்கள் 24 மாலையிலேயே பூசை வைக்கும் கோயில்களைக் கேட்டுப் பாருங்கள்.

போகவர வண்டிதான் தலைவலி. மெட்ரோ இரவு பதினொன்றோடு நின்றுவிடும். சாந்தோம், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயம் பக்கமெல்லாம் போலீஸ் தடுப்பு வைத்துப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள்; அந்த நேரத்தில் ஓலா, ஊபர் ஆட்டோக்கள் கோயில் வாசலுக்கு வராது. இரண்டு தெரு தள்ளி நடந்து போய்க் கூப்பிடுங்கள். அதைவிட நல்லது, உங்கள் பக்கத்திலிருந்து வருகிற சபைக் குடும்பத்தோடு போய்வருவது. பெண்கள் தனியாகத் திரும்புவதாக இருந்தால் விடியும்வரை கோயிலிலேயே இருந்துவிட்டு வரலாம். அங்கேயே பெஞ்சில் சாய்ந்து தூங்குகிற பாட்டிகள் நிறையப் பேர் இருப்பார்கள், துணைக்குக் குறைவில்லை.

குளிருக்குக் கம்பளி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், இருபது டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். சென்னைக்காரர்கள் குரங்குக் குல்லா போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

25 மதியம்

காலை நன்றாகப் போகும். கைகுலுக்கல், கேக், படம் எடுத்தல், எட்டு மணிக்குள் முடிந்துவிடும். பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரைதான் கனமான நேரம். தூங்கி எழுந்தால் அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். இந்த மூன்று மணி நேரத்துக்குத் திட்டம் போடாமல் 25ஆம் தேதிக்குள் நுழையாதீர்கள்.

யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருந்தால் அது நிஜ அழைப்பா, உபசார வார்த்தையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். "கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வாங்க" என்பதை இங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொல்வார்கள். "ஒரு மணிக்குச் சாப்பிட வந்துடுங்க" என்றால்தான் இலை போடப்போகிறார்கள் என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் இரண்டு நாள் முன்பு போன் செய்து, "ஆன்ட்டி, எத்தனை மணிக்கு வரட்டும்? என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். "ஒண்ணும் வேணாம், நீ வந்தா போதும்" என்றாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். பழமோ, ஐஸ்கிரீமோ, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு ஏதாவதோ. சாப்பிட்டதும் பாத்திரம் எடுத்துவைக்கப் போனால் தடுப்பார்கள். இரண்டாம் முறையும் போனால் விட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு நீங்கள் விருந்தாளி இல்லை.

அழைப்பு எதுவும் அமையவில்லையா, உங்களைப்போல் தங்கிவிட்டவர்களைச் சேர்த்து நீங்களே கூப்பிடுங்கள். நர்ஸாக வேலை பார்ப்பவர், ஆராய்ச்சி மாணவர், மருத்துவமனையில் அப்பாவோடு தங்கியிருப்பவர் என்று ஆறேழு பேர் எளிதில் சேர்வார்கள். பிரியாணி ஆர்டர், தயிர்ப் பச்சடி, முட்டை, ஒரு கேக். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஞாபகமாகச் செய்கிற ஒரு பதார்த்தம் கொண்டுவரட்டும். இந்துத் தோழர்களையும் கூப்பிடுங்கள். விடுமுறை நாளில் அவர்களும் சும்மாதான் இருப்பார்கள், பிரியாணி என்றால் முதலில் வருவார்கள்.

யாரோடும் உட்காரப் பிடிக்கவில்லை, தனியாக இருக்கவேண்டும் என்றாலும் அறையில் இருக்காதீர்கள். டிசம்பரில் சென்னைக்கு இன்னொரு முகம் இருக்கிறது, மார்கழிக் கச்சேரி. 1927 டிசம்பரில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி உருவானது. அதிலிருந்து வளர்ந்த இசைப் பருவத்தின் நடுவில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் பிற்பகல் கச்சேரிகளில் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. இளம் பாடகர்கள் பாடுவார்கள், கூட்டம் குறைவு, யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. வெளியே கேன்டீனில் இலை போட்டுச் சாப்பாடும், சாயங்காலம் கீரை வடையும் காபியும் கிடைக்கும். சாகித்யம் புரியாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கர்த்தர் பிறந்த நாளில் ராமனைப் பற்றிய பாட்டா என்று முகம் சுளிக்கும் உறவினர் இருந்தால் அவரிடம் சொல்ல வேண்டாம்.

சாயங்காலம் மெரினா, பெசன்ட் நகர் எல்லாம் திருவிழாக் கூட்டமாக இருக்கும். புறநகர் ரயில்கள் அன்றைக்கு வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படிதான் ஓடும்.

வீட்டுக்குப் போன் பண்ணுவது

இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே இரவு ஒன்பதரை. அண்ணன் சிட்னியில், அக்கா இலண்டனில், சித்தப்பா டொராண்டோவில் என்று சிதறிய குடும்பமானால் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சிட்னியில் கிறிஸ்துமஸ் பிறப்பது இங்கே 24 மாலை ஆறரைக்கு, இலண்டனில் 25 காலை ஐந்தரைக்கு, டொராண்டோவில் காலை பத்தரைக்கு. துபாயில் இருப்பவர்களை வாட்ஸ்அப் அழைப்பில் பிடிக்க முடியாது. போட்டிம் போன்ற அங்கே அனுமதியுள்ள செயலியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

25 மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது வீடியோ அழைப்பு வேண்டாம். போனைக் கைமாற்றிக் கைமாற்றி, "நல்லா இருக்கியா, சாப்டியா" என்று எல்லாரும் அதையே கேட்டு, வைத்த பிறகு இருந்ததைவிட மோசமாக இருக்கும். 24 மாலை அம்மா அடுப்படியில் நிற்கிற நேரத்தில் கூப்பிடுங்கள். போனை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கட்டும், நீங்கள் உங்கள் துணியை இஸ்திரி போடுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம் போகும். மசாலா அரைக்கும் சத்தம், வாசலில் யாரோ கூப்பிடுவது, தம்பியைத் திட்டுவது எல்லாம் கேட்கும். எனக்குத் தெரிந்து இதற்கு ஈடான ஏற்பாடு வேறில்லை.

26, 31, அதற்குப் பிறகு

2004இல் ஆழிப்பேரலை வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. ஒவ்வொரு டிசம்பர் 26உம் காசிமேடு, பட்டினப்பாக்கம் கடற்கரையில் மீனவக் குடும்பங்கள் கடலில் பாலும் பூவும் விட்டுக் கும்பிடுவார்கள். முல்லைத்தீவு, மட்டக்களப்பிலிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தேதியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. போக வேண்டும் என்று தோன்றினால் காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போங்கள், கேமராவை எடுக்காதீர்கள்.

டிசம்பர் 31 இரவு வாட்ச் நைட் ஆராதனைக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பியிருப்பார்கள். கிறிஸ்துமஸைவிடக் கூட்டம் அதிகம் என்பதால் பத்து மணிக்கே இடம் பிடிக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பிறகு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கச் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று எடுத்துப் படம் பிடித்து அனுப்பலாம். இரவு கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள்.

நட்சத்திரத்தை ஜனவரி 6 கழித்து இறக்கி, பல்பைக் கழற்றி, மடித்துப் பெட்டியில் வையுங்கள்.

அடுத்த வருடமாவது வீட்டில் இருக்க வேண்டும் என்றால் இப்போதே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. டிசம்பர் 23 டிக்கெட்டுக்கு அக்டோபர் 24. தவறவிட்டால் தட்கல், பயணத்துக்கு முந்தின நாள் காலை ஏசிக்குப் பத்து மணி, மற்றதற்குப் பதினொன்று. பண்டிகை வாரத்தில் அதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் பலாலி விமானத்தைப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலை மழைக்காலத்தில் நிறுத்திவிடுவதுண்டு.